பாறை நத்தைக்குப் பெயர் கேட்டு வருகிறவர்களுக்கு

கோவளம் போய்வரும் பிள்ளைகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஸார், இது என்ன நத்தை?" என்று கேட்பது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கிறது. படத்தில் பாறை மேல் ஒரு கறுப்பு உருண்டை இருக்கும். நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்த படம். வாய் தெரியாது, அளவு தெரியாது, எந்த இடத்தில் ஒட்டியிருந்தது என்பதும் தெரியாது. ஒருவருடைய உச்சந்தலையை மட்டும் காட்டி இவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நெரிட்டாவாக இருக்கும்" என்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் பாறை மேல் குனிந்தால் முதலில் கையில் படுகிற கூட்டத்தில் நெரிட்டா கட்டாயம் இருக்கும்.

குளச்சலில் பிறந்து, முட்டம் பாறைகளில் காலைக் கிழித்துக்கொண்டு வளர்ந்து, பிழைப்புக்குத் திருவனந்தபுரம் வந்து, விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன் நான். அமாவாசைக்கு மறுநாள் உங்களில் சிலர் விழிஞ்ஞம் பக்கம் இறங்கப் போகிறீர்களாம். மக்களே, இறங்குவதற்கு முன் இதை ஒருதரம் படித்துவிடுங்கள்.

1. பெயரைக் கடைசியில் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, அது எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தது என்பதை. கோவளத்தில் கலங்கரை விளக்கக் கடற்கரைக்கும் ஹவ்வா கடற்கரைக்கும் நடுவே துருத்திக்கொண்டு நிற்கிறதே இடக்கல் பாறை, அதையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் கடல் ஏறி வற்றும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் அது பத்து மீட்டர் போகும். அங்கே நத்தைகளின் குடியிருப்பைப் பார்க்க நடையாய் நடக்க வேண்டும். இங்கே ஒரு மாடிப்படி வரிசைக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

மேல்படியில், தெறிப்பு மட்டும் வந்து விழுகிற காய்ந்த கல்லின் விரிசலுக்குள், மிளகு அளவில் சாம்பல் நிறக் குருணைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கல்லின் சொரசொரப்பு என்று நினைத்துத் தாண்டிப்போவீர்கள். அது எக்கினோலிட்டோரினா. வெயில் ஏறியதும் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டின் விளிம்பை மட்டும் சளியால் பாறையில் ஒட்டவைத்து நிற்கும். சுடுகல்லில் பாதம் படாமல் நிற்க அது கண்ட வழி. அதற்குக் கீழ்ப்படியில் நெரிட்டா. இன்னும் கீழே, அலை வந்து அடித்துத் திரும்பும் இடத்தில், குல்லாய் கவிழ்த்ததுபோல் செல்லானா ரேடியாட்டா, பக்கத்திலேயே கொட்டலசு. அதற்கும் கீழே நம் ஆட்கள் முங்கி எடுக்கிற சிப்பி. அந்தச் சிப்பியையும் கொட்டலசையும் தின்ன வந்து உட்கார்ந்திருக்கும் தாயிஸ்.

ஒரு நத்தை எந்தப் படியில் இருந்தது என்று சொல்லிவிட்டால், பெயரில் பாதி அப்போதே வந்துவிட்டது.

2. கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

இதை ஒன்றாம் எண்ணாக வைத்திருக்க வேண்டும். பெயர் ஆசையில் பின்னால் போய்விட்டது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாறைகளில் இறங்கவே இறங்காதீர்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடல் ஓரளவு சொன்னபடி கேட்கும். அப்போதும் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. தெற்கே வெகுதொலைவில், இந்துமாக்கடலின் அடிக்கோடியில் அடித்த காற்றில் எழும்பிய அலைவீக்கம் நாட்கணக்கில் பயணம் செய்து வந்து, இங்கே காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் பளிச்சென்று வெயிலடிக்கும்போது கரையேறும். கள்ளன்போல வருவதால் அந்தப் பெயர். நம் கடற்கரை ஆட்கள் வைத்த பெயரை 2012இல் யுனெஸ்கோவும் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் அன்று காலையில் அதைப் பார்க்காமல் செருப்பை மாட்ட வேண்டாம்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு நாளில் வரும் இரண்டு வற்றமும் ஒரே அளவாக இருக்காது. சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் போடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள், இல்லாவிட்டால் விழிஞ்ஞத்தில் வலை உலர்த்துகிறவரைக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டாமவர் அன்றைய அலையையும் சேர்த்துச் சொல்வார்.

3. விரலால் பாருங்கள்.

இது கவிதைப் பேச்சு இல்லை. கடல் நத்தைகளைப் பற்றி உலகில் தலைசிறந்தவர்களாக எண்ணப்படுகிறவர்களில் இருவர் பார்வையற்றவர்கள். ஒருவர் ரம்பியஸ். டச்சு வணிகக் கம்பெனியின் ஊழியராக இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்தவர். 1670இல் பார்வை போயிற்று. அதற்குப் பிறகும் முப்பது வருஷம் சங்கு, நண்டு, செடிகொடி என்று எழுதவைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய சங்குப் புத்தகம், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து 1705இல் வெளியாயிற்று. நத்தைகளுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் அந்தப் புத்தகத்தின் படங்களை எடுத்துக் கையாண்டிருக்கிறார்.

இன்னொருவர் கீராட் வெர்மே. 1946இல் நெதர்லாந்தில் பிறந்தவர், மூன்று வயதில் பார்வை முழுக்கப் போனது. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆசிரியை ஜன்னலோரமாக ஃபுளோரிடாவின் சங்குகளை வைத்திருந்தார். அவற்றைத் தடவிப் பார்த்த பையன், தன் ஊர்க் குளிர்க்கடலின் ஓடுகள் சுண்ணாம்பாய் வறண்டிருக்க, வெப்பக் கடலின் ஓடு இத்தனை வழவழப்பும் இத்தனை மேடுபள்ளமுமாக இருப்பது ஏன் என்று கேட்டுக்கொண்டான். அந்தக் கேள்வியே அவருடைய வாழ்நாள் வேலை ஆயிற்று. நம்முடையதைப் போன்ற வெப்பமண்டலப் பாறைக் கரைகளில் விரலால் தடவித்தான் அவர் நத்தைகளைப் படித்தார்.

நம் தொல்காப்பியம் நந்துக்கு, அதாவது சங்கு நத்தை இனத்துக்கு, இரண்டு அறிவுதான் வைக்கிறது: தொட்டறிவதும் நாவால் அறிவதும். நத்தைக்கு அதற்கு மேலும் உண்டு. நெரிட்டாவின் தலையில் கொம்புக்குப் பக்கத்தில் சின்னக் கண் இருக்கிறது. தாயிஸ் இரையை வாசனை பிடித்துக்கொண்டு வரும். ஆனால் நத்தையைப் படிக்க வருகிறவனுக்குத் தொல்காப்பியர் சொன்ன முதல் அறிவு போதும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஓட்டின் முதுகைத் தடவுங்கள். வரிகள் சுற்றோடு ஓடுகின்றனவா, சுற்றைக் குறுக்கே வெட்டுகின்றனவா? உச்சி கூர்மையா, மொண்ணையா, அமுங்கிக் கிடக்கிறதா? இதைக் குறித்துக்கொண்டு கண்ணைத் திறங்கள்.

(நாக்கை மட்டும் பயன்படுத்திப் பார்க்க வேண்டாம்.)

4. புரட்டுங்கள்.

முதுகு எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான். நத்தையின் முகம் அடியில் இருக்கிறது.

நெரிட்டாவைப் புரட்டினால் வாய் அரைநிலா. ஒரு பக்கம் வளைந்த உதடு. எதிர்ப்பக்கம் நேர்கோடாக ஒரு விளிம்பு, அதை ஒட்டித் திண்ணைபோல் ஒரு தட்டையான மேடை. அந்த மேடையின் விளிம்பில் நடுவாக இரண்டு மூன்று சின்னப் பற்கள். வேறு எந்தப் பாறை நத்தையிடமும் இந்தத் திண்ணையும் பல்லும் சேர்ந்த வாயைப் பார்க்கமாட்டீர்கள். ஒருதரம் பார்த்தவர்கள் மறக்கவும் மாட்டார்கள். கிழவியின் சிரிப்பு என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள்; பாடப்புத்தகத்தில் இருக்கும் விளக்கத்தைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த இடுக்கு வாய்க்கும் பல்லுக்கும் காரணம் உண்டு. வெப்பக் கடலின் நண்டு முரட்டு நண்டு. வாயில் கொடுக்கை விட்டு ஓட்டை விளிம்பிலிருந்து உரித்துக்கொண்டே போகும். வாய் குறுகலாகவும் உதடு தடிப்பாகவும் இருந்தால் கொடுக்கு நுழையாது. கூர் உச்சி இல்லாத குட்டையான உருண்டையை நசுக்குவதும் கஷ்டம். நண்டோடு காலங்காலமாக நடந்த சண்டை ஓட்டில் எழுதிக் கிடப்பதை வெர்மே தன் விரலால் படித்துச் சொன்னார்.

இனி நெரிட்டாவுக்குள் எந்த நெரிட்டா என்பது. அதற்கும் அந்தத் திண்ணையைத்தான் பார்க்க வேண்டும். திண்ணை மேல் ரவை சிந்தியதுபோல் குருணை குருணையாக இருந்து, ஓடு அமுங்கித் தட்டையாகி, உச்சி எழும்பாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் அது நெரிட்டா அல்பிசில்லா. கறுப்பில் வெள்ளைத் திட்டு, சாம்பல் திட்டு, சிலசமயம் ஆரஞ்சுப் பட்டை, எது வேண்டுமானாலும் இருக்கும். பெரியது இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரும். திண்ணையில் குருணைக்குப் பதிலாகச் சுருக்கங்கள் ஓடி, ஓடு கொஞ்சம் உருண்டு, முதுகு வரிகள் நெருக்கமாகத் துருத்தினால் நெரிட்டா கமேலியான். லட்சத்தீவுக்கோ அந்தமானுக்கோ போனால், வெளுத்த உருண்டை ஓட்டில் ஆழ வரி கீறி, பெரிய பற்களோடு பாறையின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும் நெரிட்டா பிளிகாட்டாவைப் பாருங்கள். அங்கேயே பாறையடி மணலுக்குள், மெருகு போட்டதுபோல் வழவழவென்று ஒன்று புதைந்திருந்தால் நெரிட்டா பொலிட்டா. அந்த லத்தீன் சொல்லுக்கே மெருகேறியது என்றுதான் பொருள்.

நடுப்பகலில் பாறையிலிருந்து நெரிட்டாவைப் பிடுங்காதீர்கள். ஓட்டுக்குள் ஒரு மிடறு கடல்நீரைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் அது வெயிலைத் தாண்டுகிறது. நீங்கள் பிடுங்கும்போது சொட்டுகிறதே, அது அதனுடைய பானைத் தண்ணீர். காலை வற்றத்தில், கல் ஈரமாக இருக்கையில், அது தானாக நகரும்போது மெல்லத் தூக்குங்கள். அரை நிமிடம் போதும்.

5. கதவைத் தட்டுங்கள்.

நத்தையைத் தூக்கியதும் அது உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொள்ளும். படம் எடுத்தாயிற்று என்று கீழே வைத்துவிடுகிறீர்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அப்போதுதான் வந்திருக்கிறது. என் அனுபவத்தில் தொடக்கக்காரர்களுக்குக் கதவைப்போல் உதவி செய்வது வேறில்லை.

நகத்தால் தட்டிப் பாருங்கள். நெரிட்டாவின் கதவு கல், சுண்ணாம்பாலான அரைநிலா. வாயின் வடிவத்துக்கு அச்சாகப் பொருந்தும். உள்பக்கம் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். நம் வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி அது ஓட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கதவும் கல்லாகி, ஆனால் வட்டமாகி, பொத்தான்போல் புடைத்து, வாய்க்குள் முத்துப் பளபளப்பும் இருந்தால் அது டர்போ. அதே முத்துப் பளபளப்பு, ஆனால் கதவு நகம்போல் மெல்லிய பழுப்பு வட்டமாக, ஒளியில் பிடித்தால் சுற்றுச்சுற்றாக வரி தெரிந்தால் ட்ரோக்கஸ். நம் பாறைகளில் பம்பரத்தைக் கவிழ்த்தது மாதிரி, வெளிறிய ஓட்டில் சிவப்புத் தீற்றல் இறங்கும் ட்ரோக்கஸ் ரேடியாட்டஸைத் தாராளமாகப் பார்க்கலாம். முத்தொளி இல்லாமல் பழுப்பு இலைபோன்ற கதவு, ஓடு தடித்துப் புடைப்புகளோடு இருந்தால் தாயிஸ் பக்கம் போங்கள். அதில் ஒன்றுக்கு லத்தீனில் தேரை என்று பெயர், புஃபோ. பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

கதவே இல்லையா? சோழியாக இருக்கும், அல்லது குல்லாய் ஓடு. பாறைதான் அதற்குக் கதவு. குல்லாய் ஓட்டில் ஒரு சிறு எச்சரிக்கை. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் பிதுங்கி, உள்பக்கம் அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடினால் அது செல்லானா இல்லை, சைஃபோனேரியா. காற்றைச் சுவாசிக்கிற தோட்டத்து நத்தைக்குத்தான் அது நெருங்கிய உறவு.

எக்கினோலிட்டோரினாவோடு குழப்பிக்கொள்ள ஏதுவான இன்னொன்று பிளானாக்சிஸ் சல்காட்டஸ். கறுப்பும் வெள்ளையுமாகக் கூம்பு ஓடு, ஈரமான இடுக்கில் மந்தையாகக் கிடக்கும். வாயின் முன்முனையில் சிறு வெட்டு இருந்தால் பிளானாக்சிஸ், வாய் முழுக்க வழுவழு வட்டமாகப் போனால் மற்றது.

6. நிறத்தை நம்பி மோசம் போகாதீர்கள்.

நான் போனேன். கல்லூரியில் முதல் வருஷம், முட்டத்தில் பொறுக்கிய ஓடுகளை நிறவாரியாகப் பிரித்து ஏழு தீப்பெட்டிகளில் பஞ்சு போட்டு அடுக்கி, ஏழு புது இனம் கண்டுவிட்ட மிதப்பில் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஏழு திண்ணைகளும் ஒரே மாதிரிச் சிரித்தன. பிறகு ஆறு தீப்பெட்டிகளை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "இதில் குச்சி வாங்கி நிரப்பிக்கொள்" என்றார்.

லின்னேயஸ் ஒரு நெரிட்டாவுக்குப் பச்சோந்தி என்றே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கமேலியான் அதுதான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, நாம் வாசிப்பதில்லை. போதாக்குறைக்கு, ஓட்டின் மேல் பாசி படிந்தால் எல்லாமே பச்சை. வெயிலில் நாள்பட்டுக் கிடந்தால் எல்லாமே வெள்ளை.

7. சுற்று எந்தப் பக்கம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்து. இப்படிப் பிடிக்கையில் வாய் உங்கள் வலக்கைப் பக்கம் வந்தால் நூல்களில் அது வலச்சுற்று. நெரிட்டா, ட்ரோக்கஸ், தாயிஸ் எல்லாம் அப்படித்தான்.

இதில் என்ன வம்பு என்றால், திருவிதாங்கூர் அரச முத்திரையில் இருந்தது வலம்புரிச் சங்கு. ஊர்ப்பிள்ளைகளுக்கு அது தெரியும். விலங்கியல் கணக்கில் அந்த வலம்புரி இடச்சுற்று! நாம் சாதாரணமாகக் கோவிலில் ஊதும் இடம்புரிதான் விலங்கியலுக்கு வலச்சுற்று. யாரும் பொய் சொல்லவில்லை. நம் ஆட்கள் சங்கின் ஒடுங்கிய முனையை மேலே வைத்துப் பார்த்தார்கள்; விலங்கியல்காரர்கள் உச்சியை மேலே வைத்தார்கள். சங்கைத் தலைகீழாக்கினால் வாய் பக்கம் மாறிவிடுமே. நோட்டில் எழுதும்போது எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்காகச் சங்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். குளிப்பவர், அறுப்பவர், வளையல் செய்பவர் என்று எல்லாக் கதையும் அதில் உண்டு. மழைக்காலத்தில் படிக்கச் சுகமான புத்தகம்.

8. நத்தை வேகமாக நடந்தால் சந்தேகப்படுங்கள்.

உள்ளே துறவி நண்டு இருக்கிறது. வீடு நெரிட்டாவினுடையது, குடியிருப்பவன் வேறு. ஓட்டின் பெயரை எழுதலாம். 'உயிருடன்' என்று எழுதக் கூடாது. காலி ஓடு என்று நம்பி டிபன் டப்பாவில் நிரப்பி, விழிஞ்ஞத்திலிருந்து கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் டப்பாவுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டு, மூடியைத் திறந்து பார்த்த முட்டாள் நான்தான். பக்கத்து சீட்டு அம்மாளின் மீன்கூடைக்குள் இரண்டு போயின. அவர் சிரித்தார், நடத்துநர் சிரிக்கவில்லை.

9. உடைந்ததையும் பொறுக்குங்கள்.

முழு ஓடு அலமாரிக்கு அழகு. உடைந்த ஓட்டில் உள்வீடு தெரியும். ட்ரோக்கஸ் உடைந்திருந்தால் நடுவே தூணும் அதைச் சுற்றிய மாடிப்படியும் தெரியும். நெரிட்டா உடைந்திருந்தால் உள்ளே தூணைத் தேடி ஏமாறுவீர்கள். வளர வளர உள்சுவர்களை அது தானே கரைத்துவிட்டு ஒரே அறையாக்கிக்கொள்கிறது. திண்ணையும் போய், பல்லும் தேய்ந்து, நிறமும் வெளுத்த ஒரு துண்டு கிடைத்தாலும், வெறும் கிண்ணமாக இருந்தால் நெரிட்டாக் குடும்பம் என்று எழுதலாம்.

ஓட்டில் கம்பியால் துளைத்ததுபோல் சுத்தமான வட்ட ஓட்டை இருக்கிறதா? அதைத் தூக்கி எறியாதீர்கள். தாயிஸ் இனத்தான் அமிலமும் நாக்குப் பற்களுமாகத் துளைத்து உள்ளே இருந்ததை உறிஞ்சிய கையெழுத்து அது. நத்தையின் நாக்கு என்றால் அரம் பதித்த நாடா. நெரிட்டா அதைக் கொண்டு பாறையின் பாசிப்படலத்தைச் சுரண்டித் தின்கிறது. ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு அடியிலிருந்து பார்த்தால் வாய் திறந்து மூடுவது தெரியும். குல்லாய் ஓட்டு நத்தையின் பல்லில் இரும்புக் கனிமமே இருக்கிறது. 2015இல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்து, உயிரினங்கள் செய்யும் பொருள்களில் அதுவரை அளந்தவற்றுள் இதுவே வலுவானது, சிலந்தி நூலையும் மிஞ்சியது என்றார்கள். கல்லைத் தின்பவனுக்கு அப்படிப் பல் வேண்டும்தானே.

தாயிஸைக் கையில் வைத்திருந்து, விரலில் வெளிறிய ஈரம் பட்டு, வெயிலில் அது ஊதாவாக மாறி நாறினால் பயப்படாதீர்கள். மத்தியதரைக் கடலில் இதே குடும்பத்து நத்தைகளிடமிருந்துதான் அரசர்களின் ஊதாச் சாயம் எடுத்தார்கள். சோதிக்கிறேன் என்று பிழிய வேண்டாம். சட்டையிலிருந்து போகாது.

10. கூம்பு நத்தையைத் தொடாதீர்கள்.

ஐஸ்கிரீம் கூம்புபோல், நீண்ட கீறல் வாயோடு, அழகழகான கோலத்தோடு ஒன்று பாறையடியில் கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள். கோனஸ். பல் ஊசியாகி, ஈட்டிபோல் பாய்ந்து விஷம் ஏற்றும். எல்லா வகையும் ஆளைக் கொல்லாது; கொன்ற வகை உண்டு. எது எது என்று பிரித்தறியும் அளவுக்கு நீங்கள் வருகிறவரை எல்லாவற்றையும் அதுவாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அதே விஷத்திலிருந்து எடுத்த வலிமருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பது வேறு கதை.

11. வெள்ளைப் புள்ளிகளைச் சுரண்டாதீர்கள்.

பாறையின் நிழல் பக்கத்திலோ, ஏன், இன்னொரு நத்தையின் முதுகிலோகூட, எள் ஒட்டியதுபோல் தட்டையான வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். நெரிட்டாவின் முட்டைக் கூடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல முட்டைகள். பொரிந்ததும் குஞ்சுகள் கடலில் மிதந்து போய், எங்கோ ஒரு பாறையில் ஏறும். புதிதாகப் போட்ட கடல்சுவர்க் கல்லிலும் அலைதாங்கியிலும் நத்தை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

12. பெயருக்கு வருவோம்.

இத்தனையும் எழுதிய பிறகு பெயரைத் தேடலாம். போன் செயலி ஒரு பெயர் சொல்லும். அதை வதந்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்; உண்மையாகவும் இருக்கலாம். வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், கதவு என்று மூன்று படமும், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் கொடுத்தால் செயலியும் கொஞ்சம் புத்தியோடு பேசும். பிறகு புத்தகம். எஸ்.டி. சத்தியமூர்த்தி குருசடைத் தீவின் மெல்லுடலிகளைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகத்துக்காக எழுதியது 1952இல் வந்தது. நத்தைப் பகுதி அதில்தான். பழையது, ஆனால் ஓட்டைப் பார்த்து விவரிக்க அவரிடம் கற்றுக்கொள்ளலாம். என்.வி. சுப்பா ராவின் இந்தியக் கடற்சங்குகள் நூல் 2003இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் வெளியிட்டது. நூலகத்தில் கேளுங்கள்.

புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறினால் கலங்க வேண்டாம். நான் தாயிஸ் புஃபோ என்று படித்ததை இப்போது பர்புரா புஃபோ என்கிறார்கள். எக்கினோலிட்டோரினா என் காலத்தில் வேறு பெயரில் இருந்தது. விழிஞ்ஞத்தில் எடுக்கிற பழுப்புச் சிப்பிக்கு 1976இல் குரியாக்கோஸும் பாலகிருஷ்ணன் நாயரும் பெர்னா இண்டிகா என்று பெயரிட்டார்கள். மரபணுவைப் பார்த்தவர்கள் அது ஆப்பிரிக்கக் கரையிலும் இருக்கும் பெர்னா பெர்னாதான் என்றார்கள். சிப்பி எடுப்பவருக்கு அது அன்றும் சிப்பி, இன்றும் சிப்பி. உங்கள் நோட்டில் வாயும் கதவும் சரியாக இருந்தால், பெயரை யார் எப்போது மாற்றினாலும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தவருக்கு அந்த வசதி இல்லை.

ஊர்ப்பெயரையும் விடாதீர்கள். தமிழில் நத்தை என்போம், இங்கே ஒச்சு என்பார்கள். சிப்பிக்காரர் ஏதாவது தனிப்பெயர் சொன்னால், அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

13. எடுத்த இடத்தில் வையுங்கள்.

பக்கத்தில் எங்காவது வைத்தால் போதாது. அதே படி, அதே நிழல். புரட்டிய கல்லைத் திரும்பப் புரட்டி வையுங்கள். கல்லுக்கு அடியில் இருப்பவர்களுக்கு வெயில் பழக்கமில்லை. ஓடு வேண்டுமானால் காலி ஓடு, அதுவும் இரண்டு மூன்று. துறவி நண்டுகளுக்கு வீட்டுப் பஞ்சம் உண்டு. கடைத்தெருவில் விற்கும் பளபளப்புச் சங்கை வாங்கி 'கோவளத்தில் கிடைத்தது' என்று எழுதாதீர்கள். அது ராமேஸ்வரம் வழியாகவோ இன்னும் தூரத்திலிருந்தோ வந்திருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பல கடல்சங்குகளையும் சேர்த்தார்கள். காசிஸ் கார்னூட்டா, ட்ரைட்டன் என்னும் பெரிய ஊதுசங்கு, நாட்டிலஸ் எல்லாம் அதில் உண்டு. புலித்தோல் வாங்குவோமா?

14. அமாவாசைக்கு மறுநாள்.

ரப்பர் அடிச் செருப்பு, பென்சில் (பேனா மை ஓடிவிடும்), ஸ்கேல், தண்ணீர். இரண்டு பேராக இறங்குங்கள். ஒருவர் குனிந்தால் மற்றவர் கடலைப் பார்க்க வேண்டும். என் முட்டி இப்போது இறங்க விடாது. நான் மேலே படிக்கட்டில் உட்கார்ந்து அலையை எண்ணிக்கொண்டிருப்பேன். கழுத்தில் பழைய விளையாட்டு வாத்தியாரின் விசில் தொங்கும். அது கேட்டால், கையில் எந்த நத்தை இருந்தாலும், அரைகுறையாகப் பார்த்திருந்தாலும், கல்லில் வைத்துவிட்டு மேலே ஏறி வாருங்கள்.